தேர்வில் தோற்கும்வரை காத்திராத உதவி: பள்ளிகளில் மூன்றடுக்கு முறை

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுவன் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் பெயர் கவின். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பாடத்தை உரக்கப் படிக்கும்போது அவன் குரலும் சேர்ந்து ஒலிக்கும். பாட்டுகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பான். ஆசிரியர் கேட்கும் கேள்விகளுக்கு, காதால் கேட்டதை வைத்தே ஓரளவு பதிலும் சொல்லிவிடுவான். பருவத் தேர்வில் வினாத்தாளைத் தானே படித்து விடையெழுத வேண்டிய நேரத்தில்தான், அவனால் எழுத்துக்கூட்டியும் சரியாகப் படிக்க முடியவில்லை என்பது தெரியவருகிறது. மதிப்பெண் அட்டையில் ‘கவனம் தேவை’ என்று எழுதப்படுகிறது. வீட்டில் டியூஷன் வைக்கிறார்கள்; அங்கே அதே பாடத்தின் கேள்வி பதில்களை மறுபடியும் பார்த்து எழுதுகிறான். படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பார்த்து எழுதும் வேலையைக் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை என்பதை யாரும் கவனிப்பதற்குள் அவன் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுகிறான்.

இந்தத் தடுமாற்றம் முதல் வகுப்பிலேயே கண்ணில் பட்டிருக்கக்கூடியது. அதை அப்போதே கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்த வாரத்திலேயே உதவியைத் தொடங்குவதற்கும், அந்த உதவி பலிக்கிறதா என்று விடாமல் பார்ப்பதற்கும் பள்ளிகள் செய்துகொள்ளும் ஓர் ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்கப் பள்ளிகளில் இது ‘ரெஸ்பான்ஸ் டு இன்டர்வென்ஷன்’ என்ற பெயரில் வேரூன்றியது. அதன் சுருக்கமான ஆர்.டி.ஐ. என்ற மூன்றெழுத்தைக் கேட்டால் நமக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் நினைவுக்கு வரும் என்பதால், இங்கே மூன்றடுக்கு முறை என்றே சொல்கிறேன். படிப்போடு நடத்தையையும் மனநலத்தையும் சேர்த்து விரிவாக்கிய வடிவத்தை ‘மல்டி டயர் சிஸ்டம் ஆஃப் சப்போர்ட்ஸ்’ என்கிறார்கள். 2015இல் நிறைவேறிய அமெரிக்கக் கூட்டாட்சிக் கல்விச் சட்டத்தில் இந்தப் பெயர் இடம்பெற்றிருக்கிறது.

இந்த முறை எதற்கு மாற்றாக வந்தது என்று தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பொதுப்பள்ளியில் இலவசமாகவும் பொருத்தமாகவும் கல்வி பெறும் உரிமையை அமெரிக்கா 1975இல் சட்டமாக்கியது. கற்றல் குறைபாடு உள்ள குழந்தை யார் என்று முடிவு செய்ய, 1977இல் வந்த விதிகள் ஓர் அளவுகோலைத் தந்தன. குழந்தையின் அறிவுத்திறனை ஒரு தேர்வால் அளந்து, படிப்பில் அது எட்டியிருக்கும் நிலையை இன்னொரு தேர்வால் அளந்து, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அதைக் கற்றல் குறைபாடு என்று கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் முதல் வகுப்பில் எந்தக் குழந்தையும் நிறையப் படித்திருக்காது என்பதால், அங்கே பெரிய இடைவெளி என்ற ஒன்று உருவாகவே வழியில்லை. குழந்தை இரண்டு, மூன்று ஆண்டுகள் பின்தங்கி, இடைவெளி போதிய அளவுக்கு அகன்ற பிறகே உதவிக்குத் தகுதி பெறும். அமெரிக்கக் கல்வியாளர்களே இதைத் ‘தோற்கும்வரை காத்திருக்கும் முறை’ என்று கசப்போடு பெயரிட்டு அழைத்தார்கள்.

அந்த அளவுகோலின் அடிப்படையையும் ஆய்வுகள் அசைத்தன. அறிவுத்திறன் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும் வாசிக்கத் தடுமாறும் குழந்தையும், குறைந்த மதிப்பெண் பெற்று வாசிக்கத் தடுமாறும் குழந்தையும், எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சறுக்குகிறார்கள் என்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. அப்படியானால் ஒருவருக்கு உதவியும் மற்றவருக்கு ‘இவ்வளவுதான் வரும்’ என்ற கைவிரிப்பும் தருவதில் என்ன நியாயம் இருக்கிறது? 1996இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபிராங்க் வெல்லுட்டினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் வகுப்பில் வாசிப்பில் மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகளுக்குத் தினமும் அரை மணி நேரம் தனித்தனியாக உட்கார வைத்துக் கற்பித்தார்கள். ஒரே பருவத்தில் அவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சராசரி நிலையை எட்டிவிட்டார்கள். குறைபாடு என்று முத்திரை குத்தப்பட இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது குறைபாடே அல்ல; சரியான வயதில் போதுமான கற்பித்தல் கிடைக்காததுதான் அவர்களுடைய சிக்கல் என்று இதிலிருந்து தெரிந்தது.

2004 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்று எந்த மாநிலமும் இனி கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், ஆய்வுகளால் பலன் நிறுவப்பட்ட கற்பித்தலைக் கொடுத்து, அதற்குக் குழந்தை எப்படி ஈடுகொடுக்கிறது என்று பார்த்துக் கற்றல் குறைபாட்டை அடையாளம் காணும் வழியை மாநிலங்கள் அனுமதிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தத்தை ஒட்டி 2006இல் வந்த விதிகள் கூறின. சிறப்புக் கல்விக்காக வரும் கூட்டாட்சி நிதியில் 15 விழுக்காடு வரை, குறைபாடு என்று இன்னும் அடையாளம் காணப்படாத பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உதவச் செலவிடலாம் என்ற வாசலையும் அந்தத் திருத்தம் திறந்தது.

இனி அடுக்குகளுக்கு வருவோம். இந்த மூன்றடுக்கு அமைப்பு பொது சுகாதாரத் துறையிலிருந்து இரவல் வாங்கியது. ஒரு ஊரில் வயிற்றுப்போக்கைத் தடுக்க வேண்டும் என்றால் முதலில் எல்லோரும் குடிக்கும் தண்ணீருக்குக் குளோரின் போடுகிறோம். அதையும் மீறிச் சிலருக்கு நோய் வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம். அதற்கும் அடங்காத ஓரிருவரை மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுகிறோம். மூன்றாவது படியில் இருப்பவர் முதல் படியை இழந்துவிடுவதில்லை. டிரிப்ஸ் ஏறும் நோயாளிக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். மருத்துவமனைப் படுக்கைகள் எல்லாம் நிரம்பி வழிந்தால், கூடுதல் படுக்கைக்கு ஏற்பாடு செய்யும் முன் யாராவது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கும் இவை அத்தனையும் அப்படியே பொருந்தும்.

முதல் அடுக்கு என்பது வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் நடக்கும் பாடம். இது நன்றாக நடந்தால் நூற்றுக்கு எண்பது பிள்ளைகளுக்கு இதுவே போதுமானதாக இருக்கும் என்றும், பதினைந்து பேருக்கு இரண்டாம் அடுக்கும், ஐந்து பேருக்கு மூன்றாம் அடுக்கும் தேவைப்படலாம் என்றும் பயிற்சி ஏடுகளில் ஒரு கணக்குச் சொல்வார்கள். இது ஒரு எதிர்பார்ப்பு மட்டுமே. இத்தனை பேரை இந்த அடுக்கில் வைத்தே தீர வேண்டும் என்ற ஒதுக்கீடு அல்ல. என் பார்வையில் இந்தக் கணக்கின் உண்மையான பயன், அது தவறும்போதுதான் தெரிகிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆறு பேர் பின்தங்கினால் ஆறு பேருக்கு உதவி தேவை என்று பொருள். பதினெட்டுப் பேர் பின்தங்கினால் பதினெட்டுக் குழந்தைகளிடம் கோளாறு இருக்கிறது என்று பொருள் கொள்ள முடியாது. பாடம் நடக்கும் விதத்திலோ, பாடத்திட்டத்தின் வேகத்திலோ, ஆசிரியர் இல்லாமல் போன மாதங்களிலோ கோளாறு இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரையும் சிறு குழுக்களாகப் பிரித்து உதவப் புறப்பட்டால் எந்தப் பள்ளியிலும் ஆளும் நேரமும் போதாது. வகுப்பு முழுவதற்கும் நடக்கும் பாடத்தைச் சரிசெய்வதுதான் அங்கே முதல் வேலை. மூன்றடுக்கு முறையைக் கையில் எடுத்த பல பள்ளிகள் இரண்டாம் அடுக்கிலிருந்து தொடங்கித் திணறுவதற்கு, இந்த இடத்தைத் தாண்டிக் குதித்ததே காரணம்.

யார் பின்தங்குகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆண்டுக்கு மூன்று முறை, வகுப்பில் உள்ள ஒவ்வொரு குழந்தையிடமும் ஒரு சிறு சோதனை நடத்துகிறார்கள். வாசிப்பைப் பொறுத்தவரை அது ஒரே ஒரு நிமிடச் சோதனை. குழந்தை இதுவரை பார்த்திராத, அதன் வகுப்புக்குரிய ஒரு பத்தியைக் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். அதே பத்தியின் இன்னொரு படியை ஆசிரியர் வைத்துக்கொண்டு, தவறாகப் படிக்கும் சொல்லின் மேல் ஒரு கோடு போடுகிறார். மூன்று வினாடி தயங்கி நின்றால் ஆசிரியரே சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அதைத் தவறாகக் கணக்கிடுகிறார். குழந்தை தானே திருத்திக்கொண்டால் அது சரி. ஒரு நிமிடம் முடிந்ததும் சரியாகப் படித்த சொற்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டினோவும் அவருடைய குழுவினரும் 1970களில் தொடங்கி வளர்த்தெடுத்த அளவீட்டு முறை இது. ஒரு நிமிட எண்ணிக்கை ஒரு குழந்தையின் வாசிப்பைப் பற்றி அவ்வளவு சொல்லிவிடுமா என்ற ஐயம் யாருக்கும் எழும். உடல் வெப்பத்தைச் சொல்லும் தெர்மாமீட்டரைப் போன்றது அது: எதனால் காய்ச்சல் என்று சொல்லாது, காய்ச்சல் இருக்கிறது என்பதை விரைவாகவும் நம்பகமாகவும் சொல்லிவிடும்.

அமெரிக்காவில் ஆங்கில வாசிப்புக்கு வகுத்திருக்கும் எண்ணிக்கைகளைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொற்கள் வேண்டும். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அளவு ஒவ்வொரு மொழிக்கும், அந்த மொழியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு தனியே உருவாக்கப்பட வேண்டும். கீழே வரும் கவினின் எண்களும் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே.

கவின் ஒரு நிமிடத்தில் 24 சொற்களைச் சரியாகப் படிக்கிறான். ஒன்பது சொற்களின் மேல் கோடு விழுகிறது. எண்ணிக்கையோடு நிறுத்தாமல் ஆசிரியர் அந்தக் கோடுகளை உற்றுப் பார்க்கிறார். ‘தெரு’ என்பதைத் ‘தேரு’ என்றும், ‘கொடி’ என்பதைக் ‘கோடி’ என்றும், ‘பொட்டு’ என்பதைப் ‘போட்டு’ என்றும் படித்திருக்கிறான். ‘மரங்கொத்தி’யில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு ‘மரம்’ என்று ஊகித்துத் தாண்டியிருக்கிறான். ‘படம்’, ‘வீடு’, ‘பூனை’ எல்லாம் தடையின்றி வருகின்றன. ஆகவே ‘இவன் தமிழில் வீக்’ என்ற ஒட்டுமொத்தத் தீர்ப்புக்கு இங்கே இடமில்லை. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் பிடிபடவில்லை. நீளமான சொல்லைத் துண்டுகளாகப் பிரித்துப் படிக்கும் பழக்கமும் இல்லை. நம் ஆசிரியர்கள் குறையறி சோதனை என்று சொல்லும் வேலை இதுதான். உதவி எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒன்பது கோடுகளே காட்டிவிடுகின்றன.

இதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. குழந்தைக்குக் கண் சரியாகத் தெரிகிறதா, காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளைக்குத் தேவை கண்ணாடி. அதை எந்த அடுக்கிலும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

இரண்டாம் அடுக்கில் கவினைப் போலவே கொம்பில் தடுமாறும் மூன்று, நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரு சிறு குழு அமைக்கிறார்கள். அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து நாட்கள், ஒவ்வொரு முறையும் 20 முதல் 40 நிமிடங்கள் என்று பரிந்துரைக்கிறது. இந்த நேரம் வகுப்புப் பாடத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். வகுப்பில் வாசிப்புப் பாடம் நடக்கும்போது பிள்ளையை வெளியே அழைத்துப்போய் நடத்தினால், ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறித்ததாகிவிடும். குழுவில் நடப்பதும் டியூஷனில் நடப்பதும் ஒன்றல்ல. முந்தைய நாள் படித்த சொற்களை அட்டையில் காட்டி ஐந்து நிமிடம், இன்றைய குறியை ஆசிரியர் சொல்லிக்காட்டிப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்லிப் பத்து நிமிடம், அந்தக் குறி வரும் சொற்களைக் கொண்ட இரண்டு மூன்று வாக்கியங்களைப் படித்தும் சொல்வதை எழுதியும் மீதி நேரம் என்று அது போகும். முப்பது பேர் வகுப்பில் ஒரு குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் தனியே படிக்கும் முறை ஒன்று வந்தாலே அதிகம். நான்கு பேர் குழுவில் அரை மணியில் அதே குழந்தை பல பத்து முறை வாய்விட்டுப் படிக்கிறது. தவறும் ஒவ்வொரு முறையும் அப்போதே திருத்தம் கிடைக்கிறது. சிறு குழுவின் பலம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

மூன்றடுக்கு முறையின் உயிர்நாடி அடுத்து வரும் வரைபடம். கவினின் நோட்டில் ஒரு பக்கத்தில் கிடைக்கோட்டில் வாரங்களையும் செங்குத்துக் கோட்டில் சொல் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்கிறார் ஆசிரியர். இன்று 24, பன்னிரண்டு வாரத்தில் 48 ஆக வேண்டும் என்று முடிவு செய்து இரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கிறார். அதாவது வாரத்துக்கு இரண்டு சொல் கூட வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிய பத்தியில் அதே ஒரு நிமிடச் சோதனை. முதல் நான்கு வாரங்களில் 25, 26, 26, 27 என்று புள்ளிகள் விழுகின்றன. கோடு அதற்குள் 32க்குப் போய்விட்டது. தொடர்ச்சியாக நான்கு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பித்தலை மாற்ற வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் விதி.

இங்கே மாற வேண்டியது கற்பித்தல் என்பதைக் கவனியுங்கள். இந்த முறையின் பெயரில் உள்ள ‘ரெஸ்பான்ஸ்’ என்ற சொல்லுக்குக் குழந்தையின் ஈடுகொடுப்பு என்று பொருள். அந்த ஈடுகொடுப்பு எதைப் பற்றிய சான்று என்று கேட்டால், முதன்மையாக நாம் கொடுத்த உதவியைப் பற்றிய சான்று. ‘நான்கு வாரம் சொல்லிக்கொடுத்தும் இவனுக்கு ஏறவில்லை’ என்ற வழக்கமான வாக்கியம் இங்கே ‘நான்கு வாரமாக நான் கொடுத்தது இவனுக்குப் பொருந்தவில்லை, வேறு என்ன கொடுப்பது’ என்று மாறுகிறது. ஆசிரியர் நான்கு வாரக் கோடுகளையும் அடுக்கி வைத்துப் பார்க்கிறார். ‘தெரு’, ‘பெட்டி’ போன்ற சொற்கள் சரியாகிவிட்டன. ‘கொடி’, ‘தொட்டி’, ‘சோறு’ ஆகியவைதான் இன்னும் உதைக்கின்றன. காரணம் இப்போது தெரிகிறது: ஒகர, ஓகார எழுத்துகளில் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் எழுத்துக்குப் பின்னும் நிற்பதால், குறியின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரே ஒலியாகக் கொள்ள அவன் கண் இன்னும் பழகவில்லை. ‘கெ’ என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் தடுமாறி, ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறான். ஆசிரியர் அடுத்த இரண்டு வாரம் இந்த எழுத்துகளை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் உள்ள இரண்டு பாதிகளுக்கும் ஒரே வண்ணம் தீட்டிய அட்டைகளை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார். அடுத்த நான்கு வாரப் புள்ளிகள் 31, 34, 37, 41 என்று ஏறி எட்டாவது வாரத்தில் கோட்டைத் தாண்டுகின்றன.

எல்லாக் குழந்தைக்கும் இப்படி நடந்துவிடாது. இரண்டு மூன்று முறை கற்பித்தலை மாற்றியும் புள்ளிகள் எழாத சிலருக்கு மூன்றாம் அடுக்கு தேவைப்படும்: தனியாகவோ இருவராகவோ, தினமும், இன்னும் நீண்ட நேரம், கூடுதல் பயிற்சி பெற்ற ஒருவரிடம். வாசிப்பில் தொடர்ந்து தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்ற முழு மதிப்பீடும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். அதுவரை சேர்ந்த வரைபடங்கள் மதிப்பீட்டாளருக்கு எந்த ஒருநாள் தேர்வையும்விட அதிகம் சொல்லும். ஆனால் இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘முதலில் எல்லா அடுக்குகளையும் ஏறி முடிக்கட்டும், பிறகு மதிப்பீடு செய்யலாம்’ என்று பள்ளிகள் தள்ளிப்போடத் தொடங்கினால், பழைய காத்திருப்பே புதிய உடை போட்டுக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் அது உண்மையிலேயே நடந்தது. அடுக்கு முறையைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கூட்டாட்சிக் கல்வித் துறை 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் எழுத வேண்டியிருந்தது. அங்கே பெற்றோர் எந்த அடுக்கிலும், எந்த நாளிலும் மதிப்பீடு கேட்கலாம்.

இந்த முறையை விரும்புகிறவர்கள் சொல்லத் தயங்கும் ஒரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு, 13 மாநிலங்களில் 146 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்ட பெரிய மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. சோதனையில், யாருக்கு உதவி என்று பிரிக்கும் எல்லை மதிப்பெண்ணான வெட்டெண்ணுக்குச் சற்றே கீழே விழுந்ததால் கூடுதல் உதவி பெற்ற பிள்ளைகளையும், சற்றே மேலே விழுந்ததால் உதவி பெறாத பிள்ளைகளையும் அது ஒப்பிட்டது. ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள் என்பதால் ஒப்பீடு நியாயமானது. முதல் வகுப்பில் உதவி பெற்ற பிள்ளைகள் பெறாதவர்களைவிடக் குறைவாகவே வாசித்தார்கள். இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு முறையே பொய் என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அவசரப்படாமல் பார்த்தால் இந்த ஆய்வு நமக்கு நிறையக் கற்றுத்தருகிறது. வெட்டெண்ணின் விளிம்பில் இருந்த பிள்ளைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. மிகவும் பின்தங்கியவர்களுக்கு என்ன ஆனது என்பதை அந்த ஒப்பீட்டால் சொல்ல முடியாது. மேலும், அந்தப் பள்ளிகளில் பலவற்றில் குழு வேலை வகுப்பின் வாசிப்புப் பாடத்துக்குள்ளேயே நடந்ததால், பல பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கிடைக்காமல், ஒன்றை எடுத்து இன்னொன்றைக் கொடுத்ததாக முடிந்திருக்கலாம். சிறிய உதவியே போதுமாக இருந்த குழந்தைக்கு எழுத்து ஒலிப் பயிற்சியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, அந்த நேரத்தில் வகுப்பில் படித்திருக்கக்கூடிய கதையை இழக்கச் செய்திருக்கலாம். ஒரு நாள் சோதனையில் ஓரிரு சொல் குறைந்ததற்காக ஒரு குழந்தையைக் குழுவில் போட்டு ஆண்டு முழுவதும் அங்கேயே விட்டுவிடுவது உதவி ஆகாது. வெள்ளிக்கிழமைப் புள்ளிகளை யாரும் பார்க்காவிட்டால் அடுக்கு என்பது வெறும் வரிசைப் பெயராகிவிடும்.

நடத்தைக்கும் இதே மூன்றடுக்குச் சிந்தனை பயன்படுகிறது: வகுப்பு முழுவதற்கும் தெளிவான நடைமுறைகளைச் சொல்லிப் பழக்குவது, அடிக்கடி சண்டையிடும் சிலரைத் தினமும் ஒரு பெரியவர் சந்தித்துப் பேசுவது, ஓரிருவருக்குத் தனித் திட்டம் வகுப்பது. பின்லாந்து 2011 முதல் பொது ஆதரவு, தீவிர ஆதரவு, சிறப்பு ஆதரவு என்று தன் பள்ளிச் சட்டத்திலேயே மூன்று படிகளை வைத்துப் பல ஆண்டுகள் நடத்தியது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதையெல்லாம் படிக்கும்போது ‘எண்ணும் எழுத்தும்’ நினைவுக்கு வந்திருக்கும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து, எழுத்தறியாமலே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளை மனதில் கொண்டு, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்த திட்டம் அது. அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டிய பிள்ளைகளை அரும்பு என்றும், வகுப்புக்குரிய நிலையை எட்டியவர்களை மலர் என்றும், இடையில் இருப்பவர்களை மொட்டு என்றும் பிரித்து, அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி தருகிறது. பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அது நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது பெரிய மாற்றம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அதற்காகச் செலுத்திய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரும்பு, மொட்டு, மலர் என்பவை குழந்தை எங்கே நிற்கிறது என்று சொல்லும் நிலைகள். அடுக்கு என்பது அந்தக் குழந்தைக்கு எவ்வளவு கூடுதல் நேரமும் எவ்வளவு சிறிய குழுவும் எவ்வளவு அடிக்கடி கண்காணிப்பும் தருகிறோம் என்று சொல்வது. அரும்பில் இருக்கும் இரு பிள்ளைகளில் ஒருவருக்கு வகுப்புப் பயிற்சியே போதும். இன்னொருவர் அங்கேயே ஆண்டுக்கணக்கில் நிற்கலாம். இரண்டாமவரைக் கண்டுபிடித்து அவருக்கு வேறுவிதமான, கூடுதலான உதவியைத் தருவதுதான் அடுக்கு முறையின் வேலை.

மேல் அடுக்கில்தான் நம்மிடம் இடைவெளி பெரிது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் பல குடும்பங்கள் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுவதே, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது, கூடுதல் நேரச் சலுகைக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று யாராவது சொல்லும்போதுதான். பதினைந்து வயதில் கிடைக்கும் சான்றிதழ் தேர்வறையில் உதவும். எட்டு வயதில் கிடைத்திருக்க வேண்டிய கற்பித்தலை அது திருப்பித் தராது. ‘மெல்லக் கற்போர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயரிலும் எனக்கு வருத்தம் உண்டு. கவின் ஒகரத்தில் தடுமாறினான் என்பது ஒரு செய்தி. எட்டு வாரத்தில் மாறக்கூடிய செய்தி. மெல்லக் கற்பவன் என்பது அவன் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த வகுப்புக்கும் போகும் பெயர்.

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்த்துக்கொள்ளும்போது இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வி. வகுப்பு முழுவதற்கும் ஒரு நிமிடச் சோதனை நடத்த முப்பது பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதை ஒரு வாரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். குழு வேலைக்கான அரை மணி நேரம்தான் உண்மையில் கடினம். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கித் தர வேண்டியது கல்வித் துறையின் பொறுப்பு. ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அதை விட்டுவைக்கக் கூடாது.

கவினுக்குப் பன்னிரண்டாவது வாரத்தில் 49 வந்தது. அதற்காக அவனை அந்த வெள்ளிக்கிழமையே குழுவிலிருந்து விலக்கிவிடுவதில்லை. அடுத்த இரண்டு வாரமும் புள்ளி கோட்டுக்கு மேலேயே இருக்கிறதா என்று பார்த்து, பிறகு குழு நேரத்தை வாரம் ஐந்து நாளிலிருந்து இரண்டு நாளாக்கி, அதன்பின் நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை மட்டும் அந்த ஒரு நிமிடத்தைத் தொடர்கிறார் ஆசிரியர். எண்ணிக்கை மறுபடியும் இறங்கினால், அவன் குழு கூடும் மூலையில் விரித்த பாய்க்குத் திரும்பி வருவான். அவனுடைய வண்ண அட்டைகள் அங்கே பெட்டியில் அப்படியே இருக்கின்றன.